தொப்பிக்கு வெட்டிய வட்டம்

மதுரை,
8 ஜூலை 1936

கர்த்தருக்குள் அன்பான மரியத்துக்கு, பாக்கியம் எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன!

நேற்று இன்ஸ்பெக்டரம்மா என் வகுப்பைப் பார்த்துவிட்டு, "ஒத்தக்கடையில உங்க சிநேகிதி பாடத்தைப் போய்ப் பாருங்க" என்றார். யாரோ ராவுத்தர் வீட்டம்மாவை வகுப்புக்கு அழைத்தாயாமே? அவள் பிள்ளைகளின் தலையை நூலால் அளந்து, நூலை மூன்றாக மடித்து, ஒரு மடிப்பைக் குறுக்களவாக வைத்துத் தொப்பிக்கு வட்டம் வெட்டினாளாம். வட்டக் கணக்கு எல்லோருக்கும் ஏறிவிட்டதாம். இங்கே நான் தொண்டை வறளக் கத்தியும் ஏறவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது மரியம். பயிற்சிப் பள்ளி ஆசிரியை வேலைக்கு நம் இருவர் பெயரும்தான் போயிருக்கிறது. அந்த வேலை எனக்கு வேண்டும்.

"டவுனில் எல்லாம் பெண்கள் வெளியே வராத கோஷா வீடுகள், எந்த அம்மா பள்ளிக்கு வருவாள்?" என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் தலையைத் தடவிவிட்டுப் போனார். ஏனென்று புரியவில்லை.

அந்த அம்மாவை எனக்கும் ஒருநாள் அனுப்பு. மாட்டேன் என்றால், நீ திட்டம் போட்டுத்தான் செய்கிறாய் என்று நினைப்பேன்.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
பாக்கியம்

ஒத்தக்கடை,
13 ஜூலை 1936

பிரியமுள்ள பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. நானா உனக்கு எதிராகத் திட்டம் போடுவேன்?

அவள் பெயர் மைதீன் பீவி. தங்கையின் பிரசவத்துக்காக இங்கே வந்திருந்தாள். பேச்சுவாக்கில் வகுப்புக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "கூப்பிட்டா வாரேன் டீச்சர். எம்மக படிக்கிற பள்ளிக்கூடத்துல யாரும் கூப்பிட்டதில்லையே" என்றாள். இன்ஸ்பெக்டரம்மாவிடமும் இதையே, மகளின் பெயரையும் பள்ளியையும் சேர்த்து, சொல்லிவிட்டாள்.

அவளை நான் அனுப்ப வேண்டியதில்லை, நேற்றே மதுரைக்குத் திரும்பிவிட்டாள். வீடு உன் பள்ளிக்கு அடுத்த தெரு. மகள் சாதிகா உன் வகுப்பில்தான் இருக்கிறாள். உனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்தேன் பாக்கியம்.

உன்,
மரியம்மாள்

மதுரை,
1 ஆகஸ்டு 1936

மரியத்துக்கு,

வேலை உனக்கென்று உத்தரவு வந்துவிட்டதாம். சந்தோஷம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் எதிர்பார்க்காதே.

உன் கடிதம் வந்த அன்றே சாதிகாவை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "உங்கம்மா தொப்பி தைப்பாங்கன்னு ஏன்டி சொல்லல?" என்று அதட்டினேன். முன் வரிசையில் உட்காரும் அதே பெண்தான். "நீங்க கேக்கலையே டீச்சர்" என்றாள். மூன்றாம் வகுப்பிலிருந்து நான்தான் அவளுக்கு டீச்சர்.

வருகிற புதன்கிழமை மைதீன் பீவி என் வகுப்புக்கு வருகிறாள். நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். இன்ஸ்பெக்டர் யாரும் வரமாட்டார்கள். இனி வந்தும் என்ன?

நீயும் வராதே. வந்தால் அவள் உன்னைப் பார்த்துத்தான் சிரிப்பாள். அன்று ஒருநாளாவது அவள் உன் விருந்தாளியாக இல்லாமல், என் பிள்ளையின் அம்மாவாக இருக்கட்டும்.

பாக்கியம்