காலையில் ஒன்று, பொழுதுபட்டால் ஒன்று

ஜூலை 11, வெள்ளி

தூறல். ஹட்டனில் இறங்கும்போதே சப்பாத்து நனைந்துவிட்டது. பொகவந்தலாவை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அம்மாவின் வீட்டுக்கு, வந்து சேர மூன்று மணி.

லீவு இரண்டு வாரம். கொழும்பில் மேலதிகாரி கேட்டது: "கண்ணுதானே, ஹார்ட் இல்லையே. எதுக்கு ரெண்டு கிழமை?" லீவுத் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நான் திருத்தும் பதினான்கு மாடி லிஃப்ட்டை இரண்டு வாரம் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

நிலைமை, மறக்காமல் இருக்க:
– அம்மாவுக்கு இடது கண் முழுக்கப் புரை. வலது கண் பாதி.
– ஆபரேசன் தேதி இரண்டு முறை தவறியது. இரண்டு முறையும் வார்டில் பிரசர் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள்.
– மூன்றாவது தேதி 23, புதன். நூற்று அறுபதுக்குக் கீழே இருந்தால்தான் தொடுவார்கள். இல்லாவிட்டால் பெயர் லிஸ்ட்டின் அடிக்குப் போகும். அடி என்றால் அடுத்த வருடம்.

அடுத்த வருடம்வரை வலது கண் தாங்காது. இப்போதே தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறாள். ஊற்றிவிட்டு, கோப்பை நகர்ந்துவிட்டது என்கிறாள்.

பிரசர் மெஷின் வாங்கி வந்திருக்கிறேன். மாலை: 178/100. அளக்கும்போது வாய் ஓயவில்லை.

"பேசாத அம்மா, ஏறும்."

"பேசாம இருந்தா எனக்கு இன்னும் ஏறும்டா."

ஜூலை 12, சனி

குளிர். மூடுபனியில் எதிர் லயம் தெரியவில்லை.

லயத்தில் போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும். அங்கே நின்று ஆபிசுக்கு எடுத்தேன். கம்பனி இன்சூரன்ஸ் அட்டை நான்கு வருடமாக என் பர்ஸில் கிடக்கிறது. ஒரு காய்ச்சலுக்குக்கூட நீட்டியதில்லை. அம்மாவை அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். போனை எடுத்த பிள்ளை தாளைப் புரட்டும் சத்தம். பிறகு: "மனைவி, பிள்ளைகள் மட்டும்தான். பெற்றோர் இல்ல. ஸொரி." அது இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரி நமக்கு வெறும் கட்டடம். நான் போனால் அங்கே லிஃப்ட் திருத்தத்தான் போக வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப கலியாணத்தைக் கட்டு. எனக்கில்லாட்டியும் எம் மருமகளுக்காவது நல்ல ஆஸ்பத்திரி கெடைக்கும்."

மெஷின் பரிசோதனை: என் கையில் மூன்று தடவை, 118/76, 120/76, 118/78. மெஷின் சரி.

அம்மா, ஐந்து நிமிட இடைவெளியில்: 176/98, 180/102, 174/98.

மாத்திரை: கிளினிக்கில் ஒன்றாம் தேதி அறுபது கொடுத்திருக்கிறார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டாம் தேதியிலிருந்து கணக்கிட்டால் இன்று காலைக்குப் பிறகு முப்பத்தொன்பது இருக்க வேண்டும். எண்ணினேன். முப்பத்தொன்பது.

மெஷின் சரி. மாத்திரை சரி. உப்பைக் குறைத்தாயிற்று, சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. கிளினிக்கில் மருந்து எழுதித் தரும் கொப்பியைப் பார்த்தால் எட்டு மாதத்தில் மூன்று முறை மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இறங்கவில்லை. லிஃப்ட்டாக இருந்தால் இந்நேரம் பிழையைக் கண்டுபிடித்திருப்பேன்.

அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. "நா என்ன ஒங்க கம்பனி லிஃப்டா?" என்று அடுப்படியிலிருந்து வந்தது பதில்.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. கூரைத் தகரத்துக்கு நாலு ஆணி அடித்தேன். குழாய் வாஷர் மாற்றினேன்.

பக்கத்து வீட்டு பாக்கியம் அத்தை. சொந்தம் இல்லை, பிறந்ததிலிருந்து அத்தை. புருசன் இல்லை, மகள் கலியாணம் கட்டி வெலிமடைப் பக்கம் போய்விட்டாள். வெள்ளி மாலை கோப்பையோடு வந்தார்: "லெச்சுமி, கொஞ்சம் சீனி." நேற்று மாலையும் சீனி. தனியாள், இவ்வளவு சீனி எதற்கு என்று மட்டும் நினைத்தேன்.

இன்று மாலை ஆறு மணிக்கு நான் வெளியே குழாயடியில். கதவு திறந்திருந்தது. அம்மா சீனிப் போத்தலைத் தொடவே இல்லை. மருந்துக் கவரைப் பிரித்து, விரலால் தடவி, ஒரு மாத்திரையை அத்தையின் கோப்பையில் போட்டாள். அத்தை நின்றபடியே தண்ணீர் ஊற்றி விழுங்கினார்.

கத்திவிட்டேன். ஸ்பேனரையும் வீசினேன். (சுவரில் பட்டது. காரை பெயர்ந்துவிட்டது. பூச வேண்டும்.)

அம்மா மருந்துக் கவரை மடித்து வைத்தாள். "எதுக்கு இப்ப சத்தம்? காலையில எனக்கு ஒண்ணு, பொழுதுபட்டா அவளுக்கு ஒண்ணு. எட்டு மாசமா அப்படித்தான்."

எட்டு மாதம் முன்பு மலையில் கொழுந்து எடுக்கும்போது அத்தை தலைசுற்றி விழுந்திருக்கிறார். அம்மா தன் மாத்திரை ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். எழுந்து நடந்தாராம். அன்றிலிருந்து தினமும். பாதி மருந்தில் அம்மாவுக்கு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று டாக்டர் கூட்டிக் கொடுத்தார். கூட்டியதிலும் பாதி அத்தைக்கு.

"நா வேணாம்னுதான் சொன்னேன் தம்பி," என்றார் அத்தை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நீங்க ஏன் கிளினிக் போகல?"

"போனா அன்னைக்கு வேலை போச்சு. எனக்குத் தோட்டத்துல பேரு இல்ல, அன்னாடக் கூலிக்குக் கைக்காசு ஆளு. ஒரு நா வரலைன்னா கங்காணி வேற ஆளப் போட்டுருவான். கிளினிக் கொப்பி வச்சிருக்கேன்னு தெரிஞ்சா, சீக்காளின்னு அப்புறம் கூப்புடவே மாட்டான்."

உட்காரவைத்து அவருக்கும் அளந்தேன். 192/112. மெஷின் சரி என்று நேற்றே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இன்னொரு தடவை அளந்தேன். 190/112.

ஜூலை 14, திங்கள்

தூறல் விட்டு விட்டு. காலை அம்மா: 180/100.

நாள் ஒன்பதுதான் இருக்கிறது. 'இன்றிலிருந்து இரண்டையும் நீயே போடு' என்றேன்.

"போட்டா?"

"பிரசர் எறங்கும். கண்ணு தெரியும்."

"தெரிஞ்சு? அவ வெறைச்சுக் கெடக்கிறதையா நா பாக்கணும்?"

மத்தியானம்வரை வெளியே விறகு பிளந்தேன். கோபம் அவள்மேல் இல்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. 192 இருக்கிற ஒருவரிடமிருந்து மாத்திரையை நிறுத்து என்று சொன்னவன் நான்தான். நேற்று அளந்ததும் நான்தான்.

சரி. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அத்தைக்கு அவருடைய பெயரில் கொப்பி. கிளினிக்கில் புதியவர்களை எடுப்பது செவ்வாய். அதாவது நாளை.

பின்னேரம் கங்காணியைப் போய்ப் பார்த்தேன். அத்தைக்கு ஊரில் ஒரு விசேசம், அவருக்குப் பதிலாள் நான் வருகிறேன் என்றேன். பொய். பரவாயில்லை.

மேலும் கீழும் பார்த்தார். "நீயா? கொழுந்தா?"

"ஆளு எண்ணிக்கை சரியா இருந்தா ஒங்களுக்கு என்ன?"

"எண்ணிக்கை சரியா இருக்கும். நிறுவைதான் எப்படியோ." ஆனாலும் சம்மதம்.

அத்தைக்குச் சிங்களம் தெரியாது. யார் கூடப் போவது? நான் மலையில். அம்மா பெட்டியிலிருந்து நல்ல சீலையை எடுத்துவிட்டாள்.

"நா கூட்டிட்டுப் போறேன். எந்த ஜன்னல்ல துண்டு, எந்த ஜன்னல்ல மருந்து, கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

"பாதி மூடித்தான் இருக்கு."

துவாயால் முதுகில் ஓர் அடி. வலித்தது. சந்தோசமாகவும் இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல மழை. முதல் பஸ்ஸில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். அம்மா அத்தையின் கையைப் பிடித்திருந்தாள். அத்தைக்குப் பயம், அம்மாவுக்குக் கண். யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

ஆறரைக்கு ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம். என் பெயரைக் கேட்காமலே கங்காணி 'பாக்கியம்' என்று கூப்பிட்டார். 'இருக்கேன்' என்றேன். பதினெட்டுப் பெண்கள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.

செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டத் தெரியவில்லை. ஒரு அக்கா கட்டிவிட்டார். அட்டை கடித்தது ஏழு இடம். பத்து மணிக்கே விரல் நுனியெல்லாம் எரிச்சல். மற்றவர்கள் ஒரு நிரைச் செடி முடித்துத் திரும்பி வரும்போது நான் நாலாவது செடியில்.

"தம்பி, மேல போற பட்டன் எங்க இருக்கு? அமுக்கிப் பாருங்க."

"விடுடி, பாக்கியத்துக்கு இன்னைக்குக் கை சுகமில்ல."

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விசேசம் என்று ஒருவரும் நம்பவில்லை. நிறுவைக்குப் போகுமுன் என் சாக்கில் ஆளுக்கு இரண்டு பிடி, மூன்று பிடி கொழுந்து அள்ளிப் போட்டார்கள், கங்காணி பார்க்காத பக்கமாக நின்று. நான் எடுத்தது ஆறு கிலோ இருக்கும். தராசில் பதினான்கு. கங்காணி தராசை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

நாலரைக்குப் பஸ். மழைக்குள் இறங்கினார்கள். அத்தையின் ஜாக்கெட்டுக்குள் பொலித்தீன் பையில் சுற்றி, புதுக் கொப்பி. ஒரு மூலை மட்டும் வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

அம்மா அங்கே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம், பாதிப் பாதி விசயத்தை. தன் அரைகுறைச் சிங்களத்தில்.

"ஏசினாங்களா?"

"இல்ல. டாக்டரம்மா பேனாவ வச்சிட்டு எங்க ரெண்டு பேரையும் பாத்துச்சு. அப்புறம் 'ஒரே லயமா?'ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். இவளுக்கு வேற மருந்தாம். என்னோடதை இவ முழுங்கக் கூடாதாம். இவளோடதை நானும்."

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா இரண்டாவது மாத்திரையைப் போட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போட்டாள்.

ஜூலை 17, வியாழன்

அம்மா 166/94. பா. அத்தை 174/102.

விரல் வீக்கம். பேனா பிடிக்க முடியவில்லை.

மாலை அத்தை கோப்பையோடு வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஒக்காரு தம்பி. நெசமாவே சீனிதான்."

ஜூலை 20, ஞாயிறு

அம்மா 154/90. பா. அத்தை 160/94.

வெயில். கம்பளியெல்லாம் வெளியே. சுவர்க் காரை பூசினேன், சுமாராக. பிரசர் எண்ணைச் சொன்னதும் அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள், பரீட்சை மார்க்ஸ் மாதிரி.

ஜூலை 22, செவ்வாய்

அம்மா 148/88. பை கட்டியாயிற்று: கொப்பி, அடையாள அட்டை, துவாய், பிளாஸ்க்.

அம்மா பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 23, புதன்

ஆஸ்பத்திரி. கண் வார்டுக்கு வெளியே, பெஞ்சில் இருந்து எழுதுகிறேன்.

வீட்டில் காலை 150/88. இங்கே ஒரு மணித்தியாலம் காத்திருந்த பிறகு நர்ஸ் அளந்தது 174/98. இருபது நிமிடம் கழித்து 172/98. "அரை மணித்தியாலம் பாப்போம். இறங்காட்டி டொக்டர் இன்னைக்கு எடுக்க மாட்டார்." நல்ல பிள்ளை. அவருக்கும் வருத்தம்.

அம்மா: "மூணாந் தடவையும் போச்சா?"

என் நோட்டை நர்ஸிடம் காட்டினேன், இத்தனை நாள் எண்களும். பார்த்தார். "இங்க எடுக்கிறதைத்தானே நாங்க எழுத முடியும்," என்றார். சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

காலை மாத்திரை போட்டிருக்கிறாள். நடந்து களைக்கவும் இல்லை. குளிருக்கு என் சொக்ஸைக் கால்களில் மாட்டிவிட்டேன். வேறு என்ன? பிரசர் ஏறும் காரணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன், வார்டு முழுக்கக் கேட்கும்படி:

"அம்மா, ஒண்ணுக்குப் போனியா?"

"மெதுவாப் பேசுடா, சனியனே!"

"போனியா இல்லியா?"

விடிகாலையிலிருந்து போகவில்லையாம். புது இடம், வழி தெரியவில்லை, யாரிடம் கேட்பது என்று வெட்கம். பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். இங்கே இரண்டு. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பிரசரைப் பயந்துகொண்டு.

கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம் நான் போக முடியாது. கண்ணில் கட்டோடு ஒரு சிங்கள அம்மா வந்தார், கேட்காமலே அம்மாவின் கையை வாங்கிக்கொண்டார். ஒரு கண் அவருக்கு, அரைக் கண் இவளுக்கு. கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கும் சத்தம்.

10.50. 156/90. நர்ஸ் இரண்டு தடவை பார்த்து எழுதினார்.

11.15. பெயர் கூப்பிட்டார்கள். அம்மா போனாள். சொக்ஸைக் கழற்ற மறந்துவிட்டேன்.

11.25. போன். பாக்கியம் அத்தை, மலையிலிருந்து. காற்று இரைச்சல்.

"உள்ள எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க அத்தை."

சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, அழுகிறார். பக்கத்தில் யாரோ பதறுகிறார்கள்: "என்னாச்சு? ஏய், என்னாச்சு?"

"லெச்சுமிய உள்ள எடுத்துட்டாங்களாம்டி."

அதற்கு அடுத்த நிரையில் ஒரு குரல் அதையே சொல்கிறது. அதற்கும் மேலே இன்னொன்று. போனை யாரும் வைக்கவில்லை. மலை உச்சிவரை சொல்லிக்கொண்டு போகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.