பியானோ இரும்பில் இரண்டு வரி

சேசு மரி சூசை

அக்கரப்பத்தனை
9.3.1980

அன்பு மகள் சிசிலிக்கு அப்பா செபமாலை எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்து கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. சில எழுத்து குண்டாகவும் சில எழுத்து நோஞ்சானாகவும் இருக்கும். இந்தக் கடிதம் எழுத மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நீயும் அவசரப்படாமல் படி.

ஆமாம் மகளே, இது நானே எழுதுவது. இத்தனை நாளும் எனக்காக எழுதிய றோலண்ட் மாஸ்டர் பக்கத்தில் இல்லை. நான் அரைமணி நேரம் சொல்வேன், அவர் நாலு வரி எழுதி மடித்துவிடுவார். கேட்டால், "பெருசு, எல்லாம் அதுக்குள்ள அடங்கிருச்சு" என்பார். இனி அடங்க வேண்டியதில்லை.

எப்படிப் படித்தேன் என்று கேட்பாய். துரை பங்களாவில் இருந்த பியானோ நினைவிருக்கிறதா? தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு துரை சீமைக்குப் போகும்போது அதை நம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். பனியும் மழையும் குடித்து ஊமையாகிக் கிடந்தது. போன வருடம் டோரீன் சிஸ்டர் கண்டியிலிருந்து ஞானரட்ணம் என்ற பியானோக்காரரை வரவழைத்தார்கள். அவர் தந்திகளை ஒரே பக்கமாகக் கழற்றாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புத் தட்டு வெடித்துவிடுமாம். அந்தத் தட்டுத்தான் எல்லாத் தந்தியையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கிக் கோயில் கொட்டகையில் சாக்கு விரித்துப் போட்டோம். முழுக்கத் துரு. "முப்பது வருஷம் பேக்டரி மெஷினுக்குப் பெயிண்ட் அடிச்ச கை. இத நீங்களே பாத்துக்குங்க" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள்.

நான் குறை வைக்கவில்லை. தந்தி முறுக்கும் ஆணி போகும் ஓட்டைகளில் பெயிண்ட் இறங்காமல் இருக்கத் தேயிலைப் பெட்டிப் பலகையில் முளை சீவி அடைத்தேன். கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், அரம், உப்புத்தாள் என்று ஒரு மாதம். கண்ணை மூடிக் கையை ஓட்டினால் எங்கேயும் தட்டக் கூடாது, அதுதான் என் கணக்கு. பிறகு சிவப்பு அடிப்பூச்சு, அதன் மேல் வார்னிஷில் கலந்த தங்கப்பொடி மூன்று தடவை. பீடத்தில் வைக்கலாம் போல் ஆகிவிட்டது.

இரும்பிலேயே வார்த்த சில எழுத்துகள் மேலே புடைத்திருந்தன. அவற்றுக்கு மட்டும் கறுப்பு. மெல்லிய பிரஷால் ஒரு வாரம் தீட்டினேன். முடிந்ததும் அது என்ன என்று சிஸ்டரிடம் கேட்டேன். செய்தவர் பெயரும் ஊரும் இங்கிலீஷில் என்றார்கள். அறுபத்தாறு வயதில் எனக்கு வெட்கம் வந்தது. யார் என்றே தெரியாமல் ஒருவருடைய பெயருக்கு ஒரு வாரம் கறுப்புப் பூசியிருக்கிறேன். "மொதல்ல நம்ம எழுத்தப் படிங்க" என்று சிஸ்டர் பூசைக்குப் பிறகு நடக்கும் வகுப்பில் உட்கார வைத்தார்கள். வகுப்பில் எல்லாம் பெண்கள். "செபமாலை அண்ணன் பென்சிலப் பிடிக்கிறதப் பாத்தா செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று அம்மாக்கண்ணு சொன்னாள். அன்று எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

வகுப்பில் முதலில் எழுதிய பெயர் உன்னுடையது. இரண்டாவது உன் அண்ணன் அலோசியஸ். அவன் போய் ஏழு வருடம். இன்றுதான் அவன் பெயரை ஒரு கடிதத்தில் என் கையால் எழுதுகிறேன்.

மருமகனுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்.

உன் அப்பா
ம. செபமாலை


கோத்தகிரி
2.4.1980

அன்புள்ள அப்பாவுக்கு மகள் சிசிலி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தைப் பார்த்து யார் எழுதியதோ என்று பயந்து பிரித்தேன். படித்து முடிப்பதற்குள் அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்துவிட்டது. அவர் வேலை முடிந்து வந்ததும், "ஒங்க மாமனார் எழுதியிருக்காரு, அவரு கையால" என்று காட்டினேன். அவர் நம்பவில்லை. எனக்கும் சின்னக் கோபம் உண்டு அப்பா. இதை ஆறு வருடத்துக்கு முன்பே, நான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போதே படித்திருக்கக் கூடாதா? மாஸ்டருடைய நாலு வரியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா, நீங்கள் துலக்கியது துரை பங்களாப் பியானோ என்றதும் அந்த வரியை மறுபடி படித்தேன். இதுவரை உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் பங்களாவில் சமையல்கார அப்புவுக்கு ஒத்தாசையாக இருந்தானே, தினமும் பியானோவைத் துடைத்து, ஈரம் ஏறாமல் உள்ளே இருக்கும் சின்ன பல்பைப் போடுவது அவன் வேலை. ஒரு நாள் துரை கிளப்புக்குப் போயிருந்தார். அம்மா கொடுத்துவிட்ட சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் பேக்டரிப் பையிலிருந்து எடுத்த சின்ன உளியால் இரும்பின் இடது மூலையில் எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே எல்லாத் தந்தியும் ஒன்றாக முனகின. இரண்டு வரி எழுதினான். நான் எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்து, "நீ கல்யாணம் கட்டிப் போறப்ப காட்டுறேன், இப்பப் போ கழுத" என்றான். அடுத்த மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

துரைக்குத் தெரிந்தால் உங்கள் வேலை போய்விடும் என்று அப்போது வாயைத் திறக்கவில்லை. பிறகு பங்களாவுக்குள் போக வழியில்லை.

தங்கப்பூச்சு மேலே இருந்தாலும் பள்ளம் போயிருக்காது. அவன் அழுத்தித்தான் எழுதினான். விரலால் தடவிப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். என்ன எழுதியிருக்கிறான் என்று படித்து, அப்படியே எழுதி அனுப்புங்கள். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அவன் எழுத்தே வந்துவிடும். அதை மட்டும் அனுப்பினாலும் போதும்.

உங்கள் அன்பு மகள்
சிசிலி


அக்கரப்பத்தனை
27.4.1980

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. கொழுந்து நிறைய. எனக்கு முழங்கால் வலி, வேறு குறையில்லை. பியானோவுக்குப் புதுத் தந்தி வந்து ஞானரட்ணம் மாட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது பலகையைத் திறக்கக் கூடாது. அந்தோனியார் திருநாளுக்குத்தான் வேலை முடியுமாம். பொறுத்துக்கொள்.

பேரன் பள்ளிக்கூடம் போகிறானா?

அப்பா


கோத்தகிரி
20.5.1980

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவை நீங்கள் மாஸ்டரைவிடச் சிக்கனமாக எழுதிவிட்டீர்கள். கோபமா? உளியைச் சொல்லாமல் எடுத்ததற்கு ஏழு வருடம் கழித்தா கோபம்?

திருநாள்வரை பொறுக்கிறேன். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அண்ணன் போன மறுநாள், காய்ச்சல் மற்றவர்களுக்கும் ஒட்டும் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, பாய், சட்டை, அவன் எழுதிய பள்ளிக்கூடக் கொப்பி எல்லாவற்றையும் நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் வைத்து எரிக்கச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். நான் ஒரு கொப்பியை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். நாங்கள் வந்து தங்கிய மண்டபம் முகாமில் பெட்டி மழையில் நனைந்து அதுவும் கூழாகிவிட்டது. அண்ணன் முகம் எனக்கு நினைவிருக்கிறது. குரல்கூடக் கொஞ்சம் இருக்கிறது. எழுத்து மறந்துவிட்டது. உலகத்தில் அவன் கையால் எழுதியது இப்போது அந்த இரும்பில் மட்டும்தான்.

உங்கள் பேரனுக்கு மாமா பெயரைத்தானே வைத்திருக்கிறேன். அவனுக்குக் காட்ட வேண்டும்.

சிசிலி


அக்கரப்பத்தனை
15.6.1980

அன்பு மகள் சிசிலிக்கு,

முந்தாநாள் அந்தோனியார் திருநாள். பியானோ பாடியது. எல்லாரும் தங்கத் தட்டை எட்டிப் பார்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் வெளியே வந்து வேலிப் பக்கம் நின்றேன்.

மகளே, போன கடிதத்தில் நான் உண்மை எழுதவில்லை. பலகையைத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்றே சிஸ்டரிடம் கேட்டுக் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். இடது மூலையில் விரலை வைத்துத் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இருக்கும் என்று தடவும் முன்பே எனக்குத் தெரியும்.

போன வருடம் கம்பி பிரஷ் போட்ட பிறகு துருவுக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. கொட்டகையில் அன்று நான் ஒருத்தன்தான். ஞானரட்ணம் கண்டிக்குப் போயிருந்தார், சிஸ்டரும் பார்க்கவில்லை. எனக்கு அது எழுத்து என்று தெரியவில்லை. உளி பட்ட காயம் என்று நினைத்தேன். நல்ல இரும்பை எந்தக் குரங்கு இப்படிக் கொத்தி வைத்தது என்று வாய்விட்டுத் திட்டினேன். அவன் கையைத்தான் திட்டியிருக்கிறேன். பூச்சு போட்டால் பள்ளம் தெரியும் என்று அரத்தை எடுத்தேன். நீ சொன்னது சரி, அவன் அழுத்தித்தான் எழுதியிருந்தான். அதை மட்டம் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் முதல் எழுத்தைப் படித்தேன்.

இரும்புத் தூளைக் கூட்டி வெளியே கொட்டினேன். மழை கொண்டுபோயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஏதாவது எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். 'தங்கச்சி நல்லாயிரு' என்று சிலேட்டில் எழுதிப் பார்த்தேன். அவன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். ஆனால் சிலேட்டில் இருந்தது என் எழுத்து. அழித்துவிட்டேன். கண்ணை மூடினால் அந்த மூலையில் இருந்த சில வளைவுகள் தெரிவது போல் இருக்கிறது. அவை இரும்பில் பார்த்தவையா, பிறகு வகுப்பில் படித்தவையா என்று பிரிக்க முடியவில்லை. அதனால் அவற்றையும் எழுதவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் தெரியவில்லை. வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அப்பா


கோத்தகிரி
9.7.1980

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மேல் தப்பில்லை. தெரியாமல் செய்தீர்கள். இதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் கொஞ்ச நாளைக்கு நீங்கள் எழுத வேண்டாம். உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் அந்த இரண்டு வரிதான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் முன்பே படித்திருக்கலாம், அல்லது படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இப்படி நினைக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை. சுகம் தெரிவிக்க வேண்டுமென்றால் றோலண்ட் மாஸ்டரை எழுதச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிசிலி


அக்கரப்பத்தனை
3.8.1980

அன்பு மகள் சிசிலிக்கு,

நீ சொன்னபடி மாஸ்டரிடம் போனேன். அவர் பேனாவைத் திறந்து, "சொல்லுங்க பெருசு" என்றார். சுகம் என்று சொன்னேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் நானேதான் எழுதுகிறேன். உறை மேல் விலாசத்தை மட்டும் சிஸ்டர் எழுதித் தந்தார்கள். பார்த்த உடனே உனக்கு வலிக்கக் கூடாது என்று. ஆனால் ஏமாற்றவும் கூடாது, அதற்காகப் பின்பக்கம் ஒரு சிலுவை போட்டிருக்கிறேன். சிலுவை இருந்தால் உள்ளே நான்.

இனிமேல் சிலுவை போட்டு வருவதை நீ பிரிக்க வேண்டாம். பதிலும் வேண்டாம். மருமகனிடம் கொடுத்துப் பெட்டியில் போட்டு வைக்கச் சொல், நனையாத இடமாகப் பார்த்து. நீ அனுப்பியதையெல்லாம் நான் ஆறு வருடம் படிக்கத் தெரியாமலே வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். கடிதம் காத்திருக்கும் மகளே.

இதில் பெரிதாக எதுவும் இல்லை. அம்மாக்கண்ணுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. மேல்மலையில் கவ்வாத்து நடக்கிறது. எனக்கு இப்போது வரி கொஞ்சம் நேராக வருகிறது. நான் போன பிறகு ஒரு நாள் நீ தேடினால், என் எழுத்தாவது உனக்குக் கிடைக்க வேண்டும். அதற்குத்தான்.

அடுத்த வாரமும் எழுதுவேன்.

உன் அப்பா
ம. செபமாலை