இரண்டாம் சாவி

நாள் 388, 07:10
சீரிஸ் குறுங்கோள், வடசரிவுப் பனிச்சுரங்க நிலையம். பதிபவர்: எஸ்தர் இராசையா.

துளைக்கருவி ஓடுகிறது. தொட்டியில் நீர் முக்கால். வெளிக்கதவின் ரப்பரில் வெடிப்பு இல்லை. காற்றழுத்தம் சரி.

என்னோடு இங்கே வேலைபார்த்த வில்லவன் ஏறிப்போன சரக்குக் கப்பலிலிருந்து தானியங்கிச் செய்தி வந்தது. பயணி உறக்கப் பெட்டியில் நலம். சிறுநீரகம் கெட்டுப்போய்ப் போகிறான். பூமி சேரும்வரை எழுப்பமாட்டார்கள். மாற்றாள் வரும்வரை இங்கே நான் ஒருத்திதான்.

எனக்குப் பின் வருபவருக்கு: சமையலறையின் இரண்டாவது விளக்கு சிமிட்டும். அது அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

காற்றுச் சுத்திகரிப்பான் ஒருமுறை தானாக நின்றது. கையால் முடுக்கினேன். ஓடியது.

நாள் 391, 06:40

சுத்திகரிப்பான் நேற்றிலிருந்து மறுபடி மறுபடி நிற்கிறது. காரணம் தெரிந்துவிட்டது. சுரங்கத் தூசி சென்சார் மேல் படிகிறது. கரியமில வாயுவின் அளவு திடீரென்று எகிறுவதாக அது பொய் சொல்கிறது. நிரல் உடனே "சென்சார் பழுது" என்று முடிவுகட்டி விசிறியை நிறுத்திவிடுகிறது. துடைத்தால் சிறிது நேரம் நல்லபடி ஓடும். பிறகு பழைய கதை.

இந்த நிரல் என்னவென்று எழுதிவைக்கிறேன். பெயர் தென்றல். யாருடைய சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். பெரிய நிறுவனங்களின் இயந்திரம் வாங்க வக்கில்லாத சிறு நிலையங்கள் எல்லாவற்றிலும் இதுதான் மூச்சுவிட வைக்கிறது. ஆனால் திருத்தத்தை உள்ளே சேர்க்க இரண்டு சாவி வேண்டும். எழுதியவர் ஒரு சாவி போடுவார். படித்துப் பார்த்த இன்னொருவர் இரண்டாவதைப் போடுவார். இரண்டும் விழாத பதிப்பை எந்த நிலையத்து இயந்திரமும் ஏற்காது. களைத்துப்போன ஒரு ஆள் தனியாகக் காற்றில் கைவைக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. போட்டவர்களில் நானும் ஒருத்தி.

சாவி வைத்திருப்பவர்கள் நான்கு பேர். நான். வில்லவன். வெஸ்டா குறுங்கோள் நிலையத்தில் குகதாசன். பூமியில், காயல்பட்டினத்தில் சுலைகா.

நாள் 393, 15:05

திருத்தம் எழுதி, தென்றலைப் பேணுகிறவர்கள் கூடும் மன்றத்துக்கு அனுப்பினேன். சிறியதுதான். அளவு சட்டென்று எகிறினால் அதை நம்பாதே, முந்தைய அளவையே வைத்துக்கொள். அவ்வளவு.

வெஸ்டாவிலிருந்து குகதாசன்:
"பாத்தன் எஸ்தர் அக்கா. உங்கட சென்சார் ஒவ்வொரு நொடியும் அளவு சொல்லும். எங்கட பழசு. பத்து நிமிசத்துக்கு ஒருக்காத்தான் வாய் திறக்கும். அதில இது என்ன செய்யும் எண்டு சோதிச்சுப் பாக்கவேணும். மூண்டு நாள் தாங்கோ."

சுலைகா:
"குகன் பார்த்து முடிக்கட்டும் எஸ்தர். அவர் சரி என்றால் நானும் படித்துவிடுகிறேன். அதுவரை மன்றத்தில் பேச்சு திறந்திருக்கட்டும்."

மன்றத்தில் பேச்சு நன்றாகவே திறந்திருக்கிறது. செவ்வாயிலிருந்து ஒரு மாணவன் நிரலில் ஒரு மாறிக்கு நான் வைத்த பெயர் புரியவில்லை என்கிறான். அதற்குப் பதினோரு பதில்கள்.

விசிறி நின்றால் மணி அடிக்கும். எழுந்து முடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை.

நாள் 395, 11:30

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்தேன்.

மன்றத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். "இங்கே மூச்சு முட்டுவது எனக்கு. உங்களுக்குப் பேச்சுக்கச்சேரி." சுலைகா அதை மறைத்துவிட்டு, மன்றத்தின் பேச்சு ஒழுங்கைத் தனியாக எனக்கு நினைவூட்டினாள். அந்த ஒழுங்கை எழுதியதும் நாங்கள் இரண்டு பேர்தான்.

பிறகு இது வந்தது. குகதாசனின் மனைவி நிலானி, வெஸ்டாவின் தோட்டக்காரி:
"அக்கா, இவர் ரெண்டு நாளாச் சாப்பிடேக்கையும் உங்கட திருத்தத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார். கோவிக்காதேங்கோ. நான் ஒரு யோசனை சொல்லட்டே? விசிறிக்குப் பக்கத்திலயே படுங்கோ. காலால ஒரு தள்ளு, திரும்ப நித்திரை. எங்கட கீரை முளைச்சிட்டுது. அடுத்த கப்பலில விதை அனுப்புறன்."

விசிறிக்குப் பக்கத்தில் படுத்தேன். இரைச்சலில் தூக்கம் வரவில்லை. நிலானிக்கு நன்றி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நாள் 396, 04:50

போட்டுவிட்டேன்.

வில்லவனின் சாவி இந்த நிலையத்து இயந்திரத்திலேயே இருக்கிறது. விலகிப் போகிறவரின் சாவியை மன்றத்துக்குச் சொல்லி ரத்து செய்ய வேண்டும். அவன் அன்று வலியில் துடித்துக்கொண்டு போனான். அது என் வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டிருந்தேன்.

முதல் சாவி என்னுடையது. இரண்டாவது அவனுடையது. எழுதியதும் நான், படித்துப் பார்த்ததும் நான்.

பத்து நிமிடத்தில் இங்கே புதிய பதிப்பு ஏறியது. விசிறி நிற்காமல் ஓடுகிறது. குகதாசன் கேட்ட மூன்று நாளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அவனும் கடைசியில் சரியென்றுதான் சொல்லப்போகிறான். தூங்கப் போகிறேன்.

நாள் 396, 19:20

பதினான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். எழுந்து முகம் கழுவினேன். பசித்தது. தென்றல் தடையின்றி ஓடுகிறது.

செய்திகள் காத்திருந்தன. வெஸ்டாவிலிருந்து மூன்று. வந்த வரிசையிலேயே பதிகிறேன்.

குகதாசன், காலை:
"அக்கா, திருத்தம் உள்ள வந்திட்டுது எண்டு காட்டுது. வில்லவன் கையெழுத்து. அவரை எழுப்பிப்போட்டினமோ? நான் இன்னும் சோதிச்சு முடிக்கேல்லை. எனக்கு இது சரியாப் படேல்லை. பிறகு கதைப்பம், தலை இடிக்குது."

குகதாசன், மதியம்:
"எல்லாருக்கும் தலையிடி. அளவு பாத்தன், நல்லாத்தான் காட்டுது. காலமை இருந்த அதே அளவு. நிலானி படுத்திட்டா. வில்லவன் கையெழுத்து எப்பிடி வந்தது?"

குகதாசன், ஒரு மணி நேரத்துக்கு முன்:
"அளவு நல்லா காட்டுது அதே அளவு அக்கா நான் கேட்டனான் என்ன கேட்டனான்"

அதே அளவு.

அவர்களுடைய சென்சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசும். அந்தப் பத்து நிமிடத்தில் உண்மையாகவே ஏறிய அளவுகூட என் திருத்தத்துக்கு எகிறலாகத் தெரியும். நம்பாதே. முந்தையதை வைத்துக்கொள். அடுத்ததும் எகிறல்தான். அதையும் நம்பாதே. கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். திரையில் காலை அளவு அசையாமல் நிற்கும். காற்று சுத்தம் என்று நினைத்து விசிறி மெதுவாகிவிடும்.

இதைத்தான் அவன் கேட்டான். முதல் நாளே கேட்டான்.

நாள் 396, 19:34

அனுப்பியது: "குகன், திரையை நம்பாதே. விசிறியைக் கையால் முழு வேகத்தில் வை. எல்லோரையும் எழுப்பு. படுக்கையறையில் இருப்பவர்களை முதலில் வெளியே இழு. இது என் திருத்தத்தால். எழுந்திரு."

திருத்தத்தைத் திரும்பப் பெற்றேன். அதற்கும் இரண்டு சாவி. அதே இரண்டு சாவியைத்தான் போட்டேன். ஆனால் வெஸ்டாவின் இயந்திரம் புதிய பதிப்பை நாளுக்கு ஒருமுறை, காலையில்தான் தேடும்.

என் செய்தி போய்ச்சேர கால் மணி நேரம். பதில் வர கால் மணி நேரம். ஒவ்வொரு நிமிடமும் அபாய மணியோடு அதையே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நாள் 396, 21:15

பதில் இல்லை.

நாள் 396, 22:02

வெஸ்டா. குகதாசன் இல்லை. வேறு யாரோ, பெயர் போடவில்லை:
"மணிச் சத்தத்தில ரெண்டு பேர் எழும்பினம். விசிறி ஓடுது. ஆறு பேர் கண் முழிச்சாச்சு. நிலானி அக்கா முழிக்கேல்லை. குகன் அண்ணா நெஞ்சை அமத்திக்கொண்டே இருக்கிறார். நிப்பாட்டச் சொல்லியும் நிப்பாட்டுறார் இல்லை."

நாள் 398, 09:00

துளைக்கருவியை நிறுத்திவைத்திருக்கிறேன். தொட்டி அளவு பார்க்கவில்லை.

பழைய பதிப்பு எங்கும் திரும்பிவிட்டது. இங்கேயும்தான். என் விசிறி மறுபடி நிற்கத் தொடங்கிவிட்டது.

சுலைகா:
"எஸ்தர், உன் திருத்தம் தப்பாகப் போனது என்று நீ ஒப்புக்கொண்டதைக் குகன் சொன்னார். எழுதுகிறவர்களுக்குத் தப்பு வரும், அதற்குத்தானே படிக்க இன்னொருவர். எனக்குப் புரியாதது வில்லவன். இடையில் எழுப்பினார்களோ என்னவோ, படிக்காமல் சாவி போட்டிருக்கிறார். மன்றத்தில் அவரைக் கொலைகாரன் என்கிறார்கள். அவர் அம்மா மதுரையிலிருந்து கூப்பிட்டு அழுதார். என் பிள்ளை மாத்திரைச் சீட்டைக்கூட ரெண்டு தடவை படிச்சிட்டுத்தான் போடுவான்மா, அவன் செஞ்சிருக்க மாட்டான் என்கிறார். கப்பலுக்கு எழுதியிருக்கிறேன். உனக்கு ஏதாவது தெரியுமா?"

பதில் எழுதவில்லை. கப்பல் தானாக ஓடுவது, அங்கிருந்து பதில் வர நாளாகும். அவன் உறக்கத்தில் இருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நாள் 398, 17:45

இன்று முழுவதும் அந்த அம்மாவை மன்றத்தில் திட்டுகிறார்கள். பிள்ளை வளர்த்த லட்சணம் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். சுலைகா மறைக்க மறைக்க அடுத்தது வருகிறது. நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

நாள் 399, 05:20

மன்றத்துக்கு, எல்லோரும் படிக்கும்படி, அனுப்பியது:
"வில்லவன் பூமிக்குப் போகும் கப்பலில் உறங்குகிறார். அவர் எதையும் பார்க்கவில்லை. அவருடைய சாவியை நான் போட்டேன். குகதாசன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலே போட்டேன். தூக்கம் இல்லை என்பது உண்மை. அதற்காக மட்டும் செய்யவில்லை. என் எழுத்தை இன்னொருவர் சோதிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நிலானி என்னால் இறந்தாள். வில்லவனின் அம்மாவிடம் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். எஸ்தர் இராசையா."

நாள் 399, 08:10

சுலைகா:
"உன் சாவியும் வில்லவன் சாவியும் ரத்து. இனி நீ அனுப்புவது வெளியாள் அனுப்பும் திருத்தமாகத்தான் வரும். குகனும் நானும், இரண்டு பேரும் போட்டால்தான் ஏறும். வேறு எதுவும் எனக்கு எழுத வரவில்லை."

நாள் 401, 13:00

விசிறி முடுக்கும் கைப்பிடி தேய்ந்துவிட்டது. ஐந்தாறு முறை இழுத்தால் ஒருமுறை பிடிக்கிறது. தலை கனமாக இருக்கிறது.

திருத்தத்தை மறுபடி எழுதினேன். சென்சாரின் வேகத்தை முதலில் கேட்கும். எகிறல் மூன்று முறை தொடர்ந்தால் நம்பும். அனுப்பினேன். படிக்கும்படி யாரையும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? வெஸ்டாவில் இன்று நிலானியை அடக்கம் செய்கிறார்கள்.

நாள் 401, 20:30

குகதாசன்:
"கிடைச்சது. எங்கட சென்சாரிலயும் உங்கட வகையிலயும் ஓட்டிப் பாக்கிறன். நாப்பதாவது வரி பிழை. அளவே வராமல் போனா என்ன செய்யும் எண்டு இல்லை. திருத்தி அனுப்புங்கோ."

நாற்பதாவது வரி. ஆமாம். பிழைதான். திருத்தினேன்.

நாள் 402, 03:15

குகதாசன்:
"ஓட்டினன். ரெண்டிலயும் சரி. என்ர சாவி போட்டாச்சு. சுலைகா வாசிக்கிறா. அவவை அவசரப்படுத்தமாட்டன். உங்களுக்காகவும் அவசரப்படுத்தமாட்டன்."

அனுப்பியது: "அவசரப்படுத்தாதே."

கைப்பிடி இப்போது பிடிப்பதே இல்லை.

நாள் 402, நேரம் பார்க்கவில்லை

சுலைகா கேட்கிறாள், மூன்று முறை என்று ஏன் வைத்தாய், இரண்டு ஏன் போதாது. பதில் எனக்குத் தெரியும். தெரிந்தது. தூசி. தூசி இரண்டு முறை வரும் ஒரே உதறலில் மூன்று வராது. அனுப்பிவிட்டேனா. அனுப்பு. விசிறி நின்று நேரம் ஆகிறது. உட்கார்ந்தே எழுதுகிறேன் படுத்தால் அவளைப் போல

இரண்டு சாவி நல்ல விதி. நாங்கள் போட்டது

வருபவருக்கு. அவள் நிதானமாகப் படிக்கட்டும் ஒரு வரியும் விட

நாள் 402, 16:40

தரையில் விழித்தேன். நெற்றியில் காயம். விசிறி ஓடுகிறது.

இயந்திரப் பதிவின்படி, சுலைகாவின் சாவி விழுந்ததும் புதிய பதிப்பு ஏறி, சுத்திகரிப்பான் தானாகவே தொடங்கியிருக்கிறது. சுலைகா கடைசி வரிவரை படித்திருக்கிறாள். இரண்டு எழுத்துப் பிழையும் திருத்தியிருக்கிறாள்.

வெஸ்டாவிலிருந்து ஒரு செய்தி. எனக்கு மட்டும்.

குகதாசன்:
"காத்து நல்லா இருக்கோ?"

வந்து ஐந்து மணி நேரம் ஆகிறது. கடைசியில் ஒரு கேள்விக்குறி. வேறொன்றும் இல்லை. என்னைத் திட்டவில்லை. அவள் பெயரையும் சொல்லவில்லை. நான் என்னவென்று சொல்வேன்? நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது. இழுக்க இழுக்க வருகிறது.

அனுப்ப வேண்டியது:
"குகன்,

நாள் 402, 18:05

"குகன், காற்று

நாள் 402, 21:50

"குகன்,