போர்வையில் சுற்றிய அக்கார்டியன்

மழை விட்டு இன்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது. பீரோவின் மேல்தட்டிலிருந்து உங்கள் அக்கார்டியனை இறக்கி, காற்றாட மேசைமேல் வைத்தேன். துருத்தியைக் கொஞ்சம் இழுத்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. பழைய தோல், ரீடுகளை ஒட்டியிருக்கும் மெழுகு, அந்துருண்டை. மற்றவர்களுக்கு அது ஏதோ பழைய சாமான் வாசனை. எனக்கு இத்தனை வருடம் கழித்தும் முதலில் வருவது பாட்டு அல்ல, பயம்தான்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு எனக்குத் தெரியவந்தது. எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் புதுச்சேரியிலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது நமக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது வருடம். நீங்கள் கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வாத்தியார். வேதக்காரர், காலனிப் பிள்ளை. நான் களமருதூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டுப் பெண். கள்ளக்குறிச்சிக்கு டைப்பிங் படிக்க வந்தவள், ஒருநாள் ஊருக்குத் திரும்பாமல் உங்களோடு மலையேறிவிட்டேன். அண்ணன் சொல்லியனுப்பிய சேதி எனக்கு இன்றும் மனப்பாடம். "எங்க பார்த்தாலும் வெட்டுவேன். ரெண்டு பேரையும்தான்." அதற்குப் பிறகு நான் மலையைவிட்டு இறங்கும்போதெல்லாம், எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் என் கண் அண்ணன் முதுகைத்தான் தேடும்.

மலையில் ஊர் ஊராக நடந்துபோய்ப் பாட்டுப் பாடித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துவருவீர்கள். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. கடலூர் விடுதியில் படித்தபோது நீங்கள் வாசித்துப் பழகிய பொத்தான் அக்கார்டியன்தான் வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பியானோ மாதிரி கட்டைகள் வைத்ததைவிட அது சின்னது, மார்போடு ஒட்டி நிற்கும், நடந்துகொண்டே வாசிக்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒருவர் காலமாகி, அவர் வீட்டில் இரண்டு இருப்பதாகத் தெரிந்ததும், அந்த வாரமே போகலாம் என்றீர்கள்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எந்தச் சாலையில் எப்போது மரத்தை வெட்டிப் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் வேண்டாம் என்றேன். "போய்ட்டு வெளிச்சத்துலியே திரும்பிடலாம்மா" என்றீர்கள்.

அந்த வீட்டு அம்மா இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு. முத்துச்சிப்பி மாதிரி மினுங்கும் பொத்தான்கள், வரிசையாகச் சுவிட்சுகள். இன்னொன்று கருப்பு. அதில் மூன்றே சுவிட்சு, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"மத்தியானத்துக்கு மேல பஸ் ஓடாதுன்னு பேசிக்கறாங்க. சீக்கிரமா பாருங்க தம்பி" என்றார் அவர்.

நீங்கள் சீக்கிரமாகப் பார்க்கவில்லை. பொத்தான் எதையும் தொடாமல் துருத்தியை விரித்துத் தொங்கவிட்டு, அது தானாக இறங்குகிறதா என்று பார்த்தீர்கள். இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று எனக்கு விளக்கம் வேறு. பிறகு ஒவ்வொரு பொத்தானாக, இழுக்கும்போது ஒருமுறை, அழுத்தும்போது ஒருமுறை. நான் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்கள் பலகை போட்டு மூட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏங்க, ஏதோ ஒண்ண எடுங்க, போலாம்."

"அவசரத்துல எடுத்தா ஆயுசுக்கும் தப்பா பாடும். இங்க வா. வாசிக்கறதுதான் நானு, கேட்டுக்கினு கெடக்கப்போறது நீதான? நீயே சொல்லு."

சிவப்பை மடியில் வைத்துச் சுவிட்சுகளை மாற்றி மாற்றிக் காட்டினீர்கள். ஒரு சுரத்துக்கு உள்ளே பல ரீடுகள், காற்றுப் பட்டதும் பாடும் தகட்டு நாக்குகள். எந்த ரீடு பாட வேண்டும் என்று சொல்வதுதான் சுவிட்சு. ஒன்றில் புல்லாங்குழல் மாதிரி மெல்லிசாக வந்தது. இன்னொன்றில் இரண்டு ரீடுகள் சேர்ந்து, தண்ணீரில் விழுந்த வெளிச்சம் மாதிரி நடுங்கின. உங்களுக்கு அதுதான் பிடித்தது. உங்கள் முகத்தில் தெரிந்தது.

"இது நடுங்குது. எனக்கு வேணாங்க" என்றேன். எனக்குள் இருந்த நடுக்கமே போதுமானதாக இருந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. சிவப்பைக் கீழே வைத்துவிட்டுக் கருப்பை எடுத்தீர்கள். கடைசிச் சுவிட்சைத் தட்டியதும் ஒற்றை ரீடு, கீழ்க்குரலில், யாரோ முதுகைத் தடவிக்கொடுப்பது மாதிரி பாடியது. அன்று காலையிலிருந்து முதல்தடவையாக நான் முழுசாக மூச்சுவிட்டேன். "இதுதான்" என்றேன். நீங்கள் சிவப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினீர்கள். கருப்பை வைக்கும் பெட்டி எப்போதோ உடைந்துபோனதாம். அந்த அம்மா ஒரு பூப்போட்ட போர்வையில் சுற்றிக்கொடுத்தார்.

விழுப்புரம் வரை ஒன்றும் இல்லை. உளுந்தூர்ப்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. அந்தப் பக்கம் பெருங்கூட்டம். தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்டு வந்தவர்கள். அந்தக் கோரிக்கைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்கள் வீட்டிலும் அதைத்தான் பேசினார்கள். என்னைத் தெரிந்தவர்கள் அதில் இருப்பார்களே என்பதுதான் என் பயம். அங்கிருந்து என் ஊர் கூப்பிடு தூரம்.

"வண்டி இதுக்கு மேல போவாது. எல்லாம் எறங்கி நடந்துடுங்க" என்றார் கண்டக்டர்.

முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு இறங்கினேன். மரத்தைச் சுற்றி நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய், அது பெரிய வூட்டுப் பொண்ணு இல்ல? மலைக்கு ஓடிப்போனது?"

"அவனும் கூட வரான் பாரு!"

நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தது தெரியும். அப்புறம் கரும்புத் தோகை முகத்தை அறுத்தது தெரியும். எவ்வளவு தூரம் ஓடினோம் என்று தெரியாது. கால் இடறி விழுந்த இடத்திலேயே குந்திக்கொண்டோம். பின்னால் தோகை சரசரக்கும் சத்தம், நாலைந்து பேர் குரல். அவற்றில் ஒன்று அண்ணனுடையது. அந்தக் குரலைக் கேட்டதும் என் பல் கிட்டிப்போனது.

துருத்தியை மூடிப் பிடிக்கும் தோல்வார் ஓட்டத்தில் அறுந்திருந்தது. நீங்கள் போர்வையோடு அக்கார்டியனை மார்பில் அணைத்துக்கொண்டிருந்தீர்கள். மூச்சை அடக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை. மார்பு ஏறி இறங்கியதில் ஏதோ ஒரு பொத்தான் அழுந்தியிருக்க வேண்டும். அது முனகியது. நான் தேர்ந்தெடுத்த அதே கீழ்க்குரலில், மெதுவாக, நீளமாக.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தோகையை விலக்கிக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். கையில் அரிவாள். மரம் வெட்டிய பிசின்கூட அதில் காயவில்லை. என்னைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். உங்கள் மார்பிலிருந்த போர்வையைப் பார்த்தார். அது இன்னொருமுறை முனகியது.

அவர் திரும்பாமலே கத்தினார். "ஒண்ணும் இல்லடா. எவன் வூட்டுக் கன்னுக்குட்டியோ, கயித்த அறுத்துக்கினு வந்து கெடக்குது. எல்லாம் ரோட்டுக்குப் போங்க."

தோகையை விட்டார். அது எங்களுக்கு முன்னால் கதவு மாதிரி மூடிக்கொண்டது.

பொழுது சாய்ந்ததும் வரப்பு வரப்பாக நடந்து, ஒரு கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்துசேர்ந்தோம். அதற்கப்புறம் அண்ணன் வரவும் இல்லை, வெட்டவும் இல்லை. "உங்க அண்ணன் பாசக்காரரு. வாயிலதான் வெட்டுவாரு" என்பீர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஜெபத்திலும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வீர்கள். நமக்குப் பிள்ளை இல்லாமல் போனது. பாடிக்கொண்டு உங்கள் பின்னால் ஓடிவந்த மலைப் பிள்ளைகள் போதும் என்று இருந்துவிட்டோம். அந்தக் கருப்பு அக்கார்டியன் கடைசிவரை தப்பாகப் பாடவே இல்லை.

உங்களை அடக்கம் செய்த பிறகு ஒருநாள் அண்ணன் வந்தார். தலை முழுக்க வெளுத்து, கம்பு ஊன்றிக்கொண்டு. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் உங்கள் படத்தையே பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கொயந்த எங்க இருக்குது? வேலைக்குப் போயிருக்குதா?"

"எந்தக் கொயந்தண்ணா?"

"அன்னிக்குக் கரும்புக்குள்ள அவரு போர்வையில சுத்தி வச்சிருந்தாரே. தூக்கத்துல மொனகுச்சே. அதான்."

பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். "அது கொயந்த இல்லண்ணா. அக்கார்டியன். பாட்டுப் பெட்டி. அன்னிக்குத்தான் வாங்கினு வந்தோம்" என்றேன்.

அவர் கம்பின் பூணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லவேள. அன்னிக்கு எனக்கு அது தெரியல."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. தங்கைக்காக விட்டார் என்று நம்பிக்கொண்டே போய்விட்டீர்கள். நீங்கள் இருந்திருந்தால், "அதுக்கு இன்னாம்மா, வுட்டாரு இல்ல?" என்று சொல்லி முடித்திருப்பீர்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. நடந்து முடிந்துபோன ஒரு சாயங்காலத்துக்காக, இந்த வயதில், பட்டப்பகலில் நான் போய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு வருகிறேன். சிவப்பை எடுத்திருந்தால் அது குழந்தை மாதிரி முனகியிருக்குமா என்று நினைப்பேன். அதற்குமேல் நினைக்க மாட்டேன், எழுந்து ஏதாவது வேலை பார்ப்பேன்.

அண்ணன் இப்போது அடிக்கடி வருகிறார். அவருக்கும் பேச ஆள் இல்லை. சர்க்கரை போடாமல் டீ கேட்பார். போட்டுக்கொண்டு வந்து நீட்டும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்துகிறது. அவர் அதைப் பார்க்காத மாதிரி வாங்கிக்கொள்கிறார். நானும் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன்.