எதிர்வீட்டுத் தபால் பெட்டியின் சிவப்பு வட்டம்

பிப்ரவரி 4
நாவல் மொழிபெயர்ப்பு ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறது. மதக் கட்டுப்பாடு மிகுந்த ஒரு பழைய ஊர். தவறிய பெண்ணின் உடையில் ஒரு குறியைத் தைத்துத் தெருவில் நடக்கவிடுகிறார்கள். பதிப்பாளர் போன் செய்தார். "அந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு அடிக்குறிப்புல ஒரே வரியில போட்டுடுங்க மேடம். வாசகர் குழம்பக் கூடாது."
'பாவம்' என்று எழுதிவைத்தேன். ஒரு வரி கேட்டார், ஒரு சொல்லில் முடித்தாயிற்று.

பிப்ரவரி 9
எங்கள் குடியிருப்போர் சங்கம் நாவலுக்குள் புகுந்துவிட்டது. எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பிசியோதெரபிஸ்ட், கணவர் கப்பலில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். விவாகரத்தாகி வருடக்கணக்காகிறதாம்.
"கப்பலே கிடையாது மேடம்! நம்மள முட்டாளாக்கிட்டாங்க," என்று செயலாளர் கொதிக்கிறார்.
தண்டனை: கீழ்த்தளத்தில் அவள் தபால் பெட்டி மீது சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டம். அவளைக் காலி செய்யச் சொல்வதா என்று ஏப்ரல் பொதுக்கூட்டம் முடிவு செய்யும். வீட்டு உரிமையாளர் வெளியூர். சங்கம் சொன்னால் தலையாட்டுபவர்.
தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டிருக்கிறார்கள். ஒழுக்கம் கோணலாக இருக்கக் கூடாதல்லவா.

பிப்ரவரி 10
மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். "பயந்துதான் அக்கா பொய் சொன்னேன். தனியா இருக்கேன்னா யாரு வீடு குடுப்பா? இதையும் விட்டுட்டு எங்க போறது?"
வீட்டுக்கு வந்து நாவலில் பதில் தேடினேன்.

பிப்ரவரி 20
கூரியர்காரர்களுக்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை போலும். ஆளில்லாத வீடுகளின் பார்சல்களையெல்லாம் சிவப்பு வட்டக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிவப்பு என்றால் பொறுப்பாளர் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள்! அவளும் வாங்கிவைத்து மாலையில் உரியவரிடம் சேர்க்கிறாள். நேற்றுவரை முகம் கொடுக்காத மூன்றாம் மாடிக்காரி இன்று தன் மிக்ஸியை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்கிறாள்.

மார்ச் 2
அடிக்குறிப்பில் 'பாவம்' என்பதை அடித்துவிட்டேன். 'உதவி' என்று எழுதி அதையும் அடித்தேன்.

மார்ச் 15
புதிதாகக் குடிவந்தவருக்கு இடுப்புப் பிடிப்பு. வட்டத்தை ஏதோ மருத்துவ அடையாளம் என்று நினைத்து நேரே அவள் கதவைத் தட்டியிருக்கிறார். தப்பாகப் படித்தவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் — இதை எந்த அடிக்குறிப்பில் அடக்குவது?
இப்போது மாலையில் அவள் வாசலில் கூட்டம். முழங்கால் வலியோடு செயலாளரின் மாமியாரும். "மாப்ளைகிட்ட சொல்லிடாதம்மா," என்றார் என்னிடம். நான் சொல்ல மாட்டேன். வாசலில் கிடக்கும் செருப்பு சொல்லிவிடும்.

மார்ச் 28
தங்களுக்கும் வட்டம் வேண்டும் என்று சில வீடுகள் சங்கத்தில் கேட்டிருக்கின்றன. என் வீட்டுக்காரரும், "நமக்கும் ஒண்ணு கேளேன்," என்கிறார்.
"நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"
செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு விசாரிக்க வேண்டும்.

ஏப்ரல் 6
பொதுக்கூட்டம். செயலாளர் அறிவித்தார்: சிவப்பு வட்டம் இனி குடியிருப்பின் நன்மதிப்புச் சின்னம். ஆகவே களங்கமற்றவர்களுக்கு மட்டுமே. ஆகவே பிசியோதெரபிஸ்டின் வட்டம் அழிக்கப்படும். முதல் வட்டம் செயலாளருக்கே. கைதட்டல்.
யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். பயிற்சி.
அடுத்து, "அவங்களைக் காலி பண்ணச் சொல்லிடலாம்," என்றார்.
பின்வரிசையிலிருந்து மாமியார்: "அப்ப என் முழங்காலை யாரு பாப்பாங்க? நீங்களா மாப்ள?"
முடிவு மே மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே தொங்க வேண்டும், பாவம்.

ஏப்ரல் 19
செயலாளர் வீட்டு வாசலில் பார்சல் மலை. மதியத் தூக்கம் போய்விட்டது. நேற்று யாரோ சட்டையைக் கழற்றித் தோள்பட்டையைக் காட்டினாராம்.
பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன்: அடிக்குறிப்பு கிடையாது. வாசகர் குழம்பட்டும்.

மே 4
சங்கத்தின் சம்மதக் கடிதத்தோடு செயலாளரே எதிர்வீட்டுக்கு வந்தார். என் கதவு தற்செயலாகத் திறந்திருந்தது.
"ரெண்டு வருஷம் இருக்கலாம்னு போட்டிருக்கேன்மா. அப்புறம்... அந்த வட்டத்தை உங்க பெட்டியிலயே திருப்பிப் போட்டுடவா?"
அவள் கடிதத்தை முழுவதும் படித்து மடித்துக்கொண்டாள்.
"பார்சலை இங்க அனுப்புங்க சார், வாங்கி வைக்கிறேன். வட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கு."
செயலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். காலரைச் சரிசெய்தபடி படியிறங்கிப் போனார்.