நீங்கள் நனைத்த விதை

அண்ணி,

நஷ்டம் என்று தெரிந்தும் ஏன் வருடா வருடம் விதைத்தீர்கள்? எனக்கு விடை தெரியவில்லை. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள் நான், தெரிந்திருக்க வேண்டும்.

கொல்லையிலிருந்து ஊறிய நெல்லின் புளித்த வாடை கூடம்வரை வருகிறது. நீங்கள் போன அன்று காலையில் விதையை ஊறப்போட்டீர்கள்; மாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்து, நேற்று எல்லாம் முடிந்தது. அந்தக் களேபரத்திலும் பக்கத்து வயல் காளியம்மா மூட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, வைக்கோல் போட்டு மூடியிருக்கிறாள். முளை விட்டுவிட்டது. நாளை நாற்றங்காலில் தெளிக்காவிட்டால் வேர் பின்னி வீணாகிவிடும்.

அண்ணன் வெளிநாடு போனதும் வயல் உங்கள் தலையில் விழுந்தது. போனில் அவர் யோசனை சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு மடையைத் தொறன்னு சொல்றாங்க உங்க அண்ணன்." முறைத் தண்ணீருக்காக வாய்க்காலில் நின்றபோது ஒருவர், "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றார். "உங்க வயல்ல நாத்து நடுறது யாரு மாமா, நீங்களா?" என்று கேட்டீர்கள். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஊரில் பாதி நிலம் தரிசு. ஆண்கள் வளைகுடாவில், இல்லையென்றால் திருப்பூரில். கடையில் அரிசி வாங்குவதே மலிவு என்று ஒருமுறை உங்களிடம் வாதாடினேன். "சும்மா கெடந்தா பாக்க நல்லாவா இருக்கு?" என்றீர்கள். அது பதிலில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாயங்காலம் அண்ணனிடம் விதையைப் பற்றிக் கேட்டேன்.

"கருமாதி முடிஞ்சதும் நெலத்தை வெலைக்குக் குடுத்துடப் போறேன். இப்ப வெதைச்சு யாருக்கு? தீட்டு வேற."

காளியம்மா விடவில்லை. "அக்கா உசுரோட இருக்கறப்ப நனைச்சதுண்ணே. அதுல தீட்டு எங்கேருந்து வந்துச்சு? நாத்தங்காலையும் அவங்களே ஓட்டி வச்சிருக்காங்க. காலைல நான் வந்து தெளிச்சிட்டுப் போறேன்."

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். இதை எழுதும்போது மழை பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காளியம்மா வந்தபோது மூட்டையைக் காணோம். விடியுமுன் அண்ணனே தூக்கிக்கொண்டு போயிருந்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். நாற்றங்காலில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. வடிக்காமல் அப்படியே தெளித்திருக்கிறார். காற்றுக்கு விதையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணியை வடிச்சிட்டுல்லண்ணே தெளிக்கணும்! இதைக்கூடவா மறப்பாங்க?" என்று காளியம்மா கத்தினாள்.

அவர் பதறிப்போய்க் கையாலேயே வரப்பை உடைத்தார். தண்ணீரோடு விதையும் புறப்பட்டது. தோளில் கிடந்த துண்டை உடைப்பில் விரித்துப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டில் தங்கியதை வாங்கிக் காளியம்மா ஒரு மூலையில் தெளித்தாள். மற்றதெல்லாம் வடிகாலில் போய்விட்டது, அண்ணி.