ஆறாம் அத்தியாயத்தின் டிரைவர்

இன்று காலை வடைச்சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து மணிக்கட்டு வெந்துவிட்டது, அக்கா. மருந்துக்கடையில் ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார்கள். மூடியைத் திறந்ததும் உன் வாசம். தீக்காய வார்டில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் உன் கையைவிட்டுப் போகாத அதே வாசம். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இந்தக் காசளவு காயத்துக்கு நான் போட்ட கூச்சலைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அலமாரியில் அந்தப் புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. இரண்டு வல்லரசுகள் நாளைக்கே மோதிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நிஜம்போலவே எழுதிய தடித்தடி நாவல்கள். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எந்தக் கப்பல் எதைத் தாங்கும், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மிளகாய் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன், தமிழில் அப்படி ஒன்று எழுதியே தீருவதென்று கிளம்பினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து நீ சின்ன வெங்காயம் உரிப்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன்.

"கப்பல் பேரு நாலு பக்கத்துக்கு வருது. செத்தவன் பேரு ஒண்ணுகூடக் காணோமே" என்பாய்.

ஆறாம் அத்தியாயத்தில் பாலைவனச் சாலையில் எண்ணெய் லாரிகளின் வரிசைமேல் குண்டு விழுகிறது. வேலைக்குப் போன நம் ஊர் டிரைவர்களும் அதில் இருக்கிறார்கள். 'கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லோரும் சாம்பலானார்கள்' என்று வாசித்தேன். நீ கத்தியைக் கீழே வைத்தாய்.

"எவன்டா சொன்னான் உனக்கு, கண்ணிமைக்கிற நேரம்னு?"

அப்போதுதான் அவரைப் பற்றிச் சொன்னாய். அயோத்தியாப்பட்டணம் தாண்டி டேங்கர் கவிழ்ந்து எரிந்த மோகனூர் டிரைவர். உடம்பில் இடது முன்கை மட்டும் வேகவில்லை. அதில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பத்தொன்பது மணி நேரம் நினைவோடு கிடந்தார். மனைவி பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தாள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு. "எங்க வந்துட்டிருக்கா சிஸ்டர்? அவ வர்ற வரைக்கும் என்னையச் சாகவுட்டுறாதீங்க" என்று உன்னிடம் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார். அவர் உயிர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்த அம்மா வந்தாள். "கொண்டாந்தப்பவே நினைவில்லைங்க, வலியே தெரிஞ்சிருக்காது" என்று அவளிடம் சொல்லி அனுப்பினாய்.

"இதை எழுதிடாதடா" என்றாய். "இல்லக்கா" என்றேன். அந்த வாரமே எழுதினேன்.

நாட்டை மாற்றினேன், லாரியை மாற்றினேன், அவர் பெயரையும் மாற்றினேன். கையில் இருந்த பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அழகான பெயர். போதாததற்கு, தீக்காய வார்டு நர்ஸான என் அக்கா சொன்ன உண்மைதான் ஆறாம் அத்தியாயம் என்று முன்னுரையில் பீற்றிக்கொண்டேன். படித்தவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தைத்தான் மெச்சினார்கள். யுத்தத்தைக் கண்ணால் பார்த்ததுபோல் இருக்கிறது என்றார்கள். நான் காற்றில் மிதந்தேன், அக்கா. வெட்கமாக இருக்கிறது.

அந்தப் புத்தகம் மோகனூர் டிரைவரின் மகளுக்குக் கல்லூரிப் போட்டியில் பரிசாகப் போயிருக்கிறது. அவள் அதில் தன் பெயரைப் படித்தாள். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அந்த அம்மா புத்தகத்தோடு உன் வார்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யுங்களா சிஸ்டர்? எங்கூட்டுக்காரரு என்னையக் கேட்டுக்கிட்டே கெடந்தாருங்களா? உங்க சாமி மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க."

நீ கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்தாய். "சத்தியமாங்க. அவருக்கு நினைவே வரல. இதை எழுதுனவன் என் தம்பிதான். பொய் எழுதிப் பொழைக்கிறவன்."

அன்று வீட்டுக்கு வந்து என்னை நீ அடித்திருக்கலாம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, சோறு போட்டாய். அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போக, நீ மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பொய்ச் சத்தியத்தோடு வாங்கக் கூடாது என்றாய். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டியதுதானே என்றேன். "அதுக்கு மனஸ்தாபம் வேணும்டா, செஞ்சது தப்புன்னு வருத்தம். எனக்கு வரல." அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறுகள்! முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டபடி உட்கார்ந்திருப்பாய். பக்கத்தில் உட்காரவும் துணிச்சல் இல்லாமல், நானும் வரிசையில் போய் வாங்கிக்கொண்டு வருவேன்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு நீ படுத்திருந்தபோது பங்குச்சாமியார் நற்கருணையோடு வீட்டுக்கு வந்தார். ஒரு வார்த்தை, வருத்தப்படுகிறேன் என்றால் போதும் என்று கெஞ்சினார். "அந்தம்மா திரும்ப வந்து கேட்டாலும் அதையேதான் சாமி சொல்வேன்" என்றாய். உனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் ஜெபித்துவிட்டு, கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

உன் அடக்கத்துக்கு மோகனூர் அம்மா வந்திருந்தாள். குழி ஓரத்தில் என் பக்கம் வந்து நின்றாள்.

"சிஸ்டர் சத்தியம் பண்ணுனாங்க. நீங்க எழுதுனது பூராவும் கற்பனைதானுங்களே?"

"ஆமாங்க. எல்லாம் நானாக் கட்டுனது."

அவள் முகம் லேசானது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பறம் எதுக்குங்க அவர அத்தனை நேரம் போட்டு வதைச்சீங்க?"

அது உண்மை என்பதால்தான் என்ற பதில் நாக்குவரை வந்தது. சொல்லியிருந்தால் நீ வாங்காமல் விட்ட நற்கருணை அத்தனையும் வீணாகியிருக்கும். அவள் உன்மேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மோகனூரில் ஒரு வீட்டில், செத்த மனிதனைப் பத்தொன்பது மணி நேரம் சும்மா வதைத்தவன் என்று எனக்குப் பெயர். அதை மாற்றாமல் வைத்திருக்கிறேன், அக்கா.